வார்டு டேப்லெட்டைத் துடைக்காமல் அடுத்த கட்டிலுக்குக் கொண்டுபோகாதீர்கள்

அன்புள்ள செவிலியர் அனைவருக்கும் வணக்கம். இன்று காலை டேப்லெட்டுகளைச் சார்ஜில் போட எடுத்தபோது, இரண்டின் திரையில் மருந்துக் கறை காய்ந்து ஒட்டியிருந்தது. யாரையும் குறை சொல்லவில்லை; ஆனால் மனம் பதறிவிட்டது. எம்.ஆர்.எஸ்.ஏ. (பல ஆன்டிபயாட்டிக் மருந்துகளுக்கு அடங்காத பாக்டீரியா) போன்ற கிருமிகள் காய்ந்த பரப்பில் நாள்கணக்கில், சில வேளை வாரக்கணக்கில்கூட உயிரோடிருக்கும். முன்பு நோயாளி விவரம் எழுதிய காகிதக் கேஸ் ஷீட் அந்தந்தக் கட்டிலோடு கிடந்தது. டேப்லெட்டோ வார்டு முழுவதும் நம்மோடு சுற்றுகிறது.

ஒவ்வொரு நோயாளிக்கும் இடையில் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் துடைப்பானால் திரை, விளிம்பு, உறை மூன்றையும் துடையுங்கள். ஈரம் தானாக உலரட்டும், சேலையாலோ பஞ்சாலோ ஒற்ற வேண்டாம். 100 சதவீதம் இன்னும் நல்லதல்லவா என்று சிலர் கேட்டீர்கள். இல்லை. நீர் கலந்திருந்தால்தான் ஆல்கஹால் கிருமியின் புரதத்தை நன்றாகச் சிதைக்கும். தூய ஆல்கஹால் அதற்குள் ஆவியாகிவிடும். பிளீச்சிங் கரைசல் வேண்டவே வேண்டாம், திரைப் பூச்சு கெட்டுவிடும். எதையும் திரைமேல் நேராகத் தெளிக்காதீர்கள்.

புண்ணுக்குக் கட்டுப் போட்ட கையுறையோடு திரையைத் தொடாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கைச்சுத்தத்தின் ஐந்து தருணங்களில் கடைசி, நோயாளியைச் சுற்றியுள்ள பொருள்களைத் தொட்ட பிறகு. கட்டிலருகே வைத்த டேப்லெட்டும் அதில் சேர்த்திதான்.

இன்னொன்று: அவசரத்தில் மற்றவர் கணக்கிலேயே மருந்து கொடுத்ததைப் பதிவு செய்யாதீர்கள். நகரும்போது திரையைப் பூட்டுங்கள்.

துடைப்பான் பொட்டலங்கள் செவிலியர் மேசையின் இரண்டாம் இழுப்பறையில் இருக்கின்றன. தீரும் முன்பே இங்கே எழுதுங்கள்.