ஓபல் வாங்கும் முன் கல்லைப் பக்கவாட்டில் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழின் ராசிக்கல் பகுதியில், சுக்கிரனுக்கு வைரம் வாங்க வசதியில்லாதவர்கள், சாய்த்தால் நிறம் மாறும் ஓபல் என்ற கல்லை அணியலாம் என்று எழுதியிருந்தீர்கள். நம்பிக்கையைப் பற்றி நான் பேச வரவில்லை. என் மாமியாரும் கல் பார்த்து மோதிரம் போட்டவர்தான். ஆனால் எதைப் பார்த்து ஓபல் என்று நம்பி வாங்குவது என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை. அதைப் படித்த மூன்றாம் நாள் என் நாத்தனார் ஒரு கடையில் 6,500 ரூபாய் கொடுத்து மோதிரம் வாங்கிவந்து, "கல் எப்படி?" என்று கையை நீட்டினார். ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தேன். கண்ணாடி. எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

நான் திருச்சி உறையூர்க்காரி. 31 வருடம் வீட்டுத் திண்ணையில் சக்கரம் போட்டு அமெரிக்கன் டைமண்டுக்குப் பட்டை தீட்டியவள். ஓபல் எங்கள் பட்டறைகளுக்கு வந்த கல் அல்ல. அதை மண்ணிலேயே பார்க்கும் வாய்ப்பு 2019 ஆகஸ்டில் வந்தது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இருக்கும் மகள், "அம்மா, உனக்குக் கடல் காட்டவா, கல் காட்டவா?" என்று கேட்டாள். கல் என்றேன்.

அடிலெய்டிலிருந்து வடக்கே ஏறத்தாழ 850 கிலோமீட்டர் போனால் கூபர் பீடி என்ற ஓபல் சுரங்க ஊர். போர்ட் அகஸ்டா தாண்டியபின் ஊர் என்று சொல்ல அதிகம் இல்லை. கிளென்டாம்போவில் பெட்ரோல் போட்டுக்கொண்டால் அடுத்த பங்க் 250 கிலோமீட்டருக்கு அப்பால். செம்மண், குட்டைப் புதர், வானம், அவ்வளவுதான். ஊர் வருவதற்கு வெகு முன்பே வெளிர் நிறக் குவியல்கள் தொடங்கிவிடுகின்றன. வேதாரண்யம் உப்பளத்தில் உப்பைக் குவித்து வைத்திருப்பார்களே, அந்த மாதிரி, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை. ஒவ்வொன்றும் ஒரு குழியிலிருந்து வந்த மண். குழி ஒரு மீட்டர் அகலம்தான், ஆழமோ 20, 30 மீட்டர் வரைக்கும் போகும். கைப்பிடிச் சுவர் கிடையாது. ஓடாதே, பின்பக்கமாக நடக்காதே என்று படம் போட்டு எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள். போட்டோ எடுக்கிறவர்கள் இரண்டு அடி பின்வாங்கினால் போதும். பேரனை நான் கையை விடவே இல்லை.

1915 பிப்ரவரி 1 அன்று, தங்கம் தேடி வந்த ஒரு கூட்டத்தோடு இருந்த 14 வயதுப் பையன் வில்லி ஹட்சிசன் கண்ணில்தான் இங்கே முதலில் ஓபல் பட்டது. முதல் உலகப்போர் முடிந்து வந்த சிப்பாய்கள் வெயிலுக்குப் பயந்து மண்ணுக்குள்ளேயே குடியிருக்கத் தொடங்கினார்கள். ஊரின் பெயருக்கே, பழங்குடி மொழியில், வெள்ளைக்காரனின் குழி என்று பொருள் சொல்கிறார்கள். ஊருக்கு வெளியே எயிட் மைல் என்ற, ஓபல் வளமாகக் கிடைக்கும் நிலத்தை 1946-ல் கண்டெடுத்தவர் டாட்டி பிரையன்ட் என்ற பழங்குடிப் பெண். 17,000 காரட் எடையுள்ள ஒலிம்பிக் ஆஸ்திரேலிஸ் என்ற புகழ்பெற்ற கல் 1956-ல் அந்த நிலத்தில்தான் கிடைத்தது. அந்தப் பெண்ணின் பெயரை ஊர் ஊராகச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது, அதனால்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

நாங்கள் தங்கிய அறையும் மண்ணுக்குள்தான். கோடையில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும், உள்ளே எப்போதும் 24 டிகிரிக்கு அக்கம்பக்கம். மலைக்கோட்டை ஏறும்போது பல்லவர் குகைக்குள் ஒதுங்கினால் உடம்பில் ஒரு தண்மை படருமே, அதேதான். சுவர் முழுக்கச் சுரங்க இயந்திரத்தின் பல் பதிந்த வரிகள்.

முதல் நாள் பார்வையாளர்களை அனுமதிக்கும் ஒரு பழைய சுரங்கத்தில் இறங்கினோம். அந்தக் காலத்தில் கடப்பாரையும் மண்வெட்டியும் கிணற்று ராட்டினம் போன்ற ஒரு கைச்சுற்றியும்தான் கருவி. இப்போது துளையிடும் லாரி குழி போடுகிறது. இன்னொரு லாரி, முதுகில் பெரிய உருளையோடு, உடைத்த மண்ணைக் குழாய் வழியே உறிஞ்சி மேலே கொட்டுகிறது. வழிகாட்டி ஓரிடத்தில் டார்ச் அடித்தார். வெளிர் மணற்பாறையில் விரல் தடிமனுக்கு ஒரு சாம்பல் கோடு. அதைப் 'பாட்ச்' என்கிறார்கள். அதுவும் ஓபல்தான், ஆனால் நிறம் விளையாடாத ஓபல். தோண்டுகிறவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது இதுதான் என்றார். கோடு எங்கே முடியும், எந்த இடத்தில் நிறம் ஏறும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாதாம். கடப்பாரை ஓபலில் பட்டால் கண்ணாடி நொறுங்கும் சத்தம் கேட்குமாம். அந்தச் சத்தத்துக்காகவே காதைத் தீட்டிக்கொண்டு வாழ்நாளைக் கழித்தவர்கள் அந்த ஊரில் இருக்கிறார்கள்.

மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் நாங்களே தேடினோம். அடுத்தவர் எல்லைக்குள் இருக்கும் குவியலை அனுமதி இல்லாமல் தொடக் கூடாது. பொதுமக்களுக்கென்று ஜுவல்லர்ஸ் ஷாப் ரோடு பக்கம் ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். சுரங்கத்துக்காரர் கண்ணில் தப்பிய கல்லை இப்படிக் குவியலில் கிளறுவதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் நூட்லிங். ஒரு சல்லடை, ஒரு கைவாரி, தண்ணீர் தெளிக்கும் பாட்டில். அவ்வளவோடு முழங்காலில் உட்கார்ந்தேன்.

முதல் இரண்டு மணி நேரம் ஜிப்சம் என்ற மென்கல் என்னை ஏமாற்றிக்கொண்டே இருந்தது. பளிச்சென்று மின்னும், எடுத்தால் நகத்திலேயே கீறும். பக்கத்துக் குவியலில் இருந்த ஒரு முதியவர், ஐரோப்பாவிலிருந்து இளவயதில் வந்தவராம், என் கையைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள், மின்னுவதைத் தேடாதே, கண்ணாடி போல் உடைந்த முனையைத் தேடு, நனைத்துப் பார் என்று சைகையும் ஆங்கிலமுமாகச் சொன்னார். மகள் எனக்கு மொழிபெயர்த்தாள், ஆனால் பாதி எனக்கு அதற்கு முன்பே புரிந்துவிட்டது. கல்லைப் பிடிக்கும் விரல்களைப் பார்த்தாலே தெரியும், தொழில்காரர் யார் என்று.

இரண்டு நாளில் எங்கள் நான்கு பேருக்கும் சேர்த்து ஒரு கைப்பிடி பாட்ச் கிடைத்தது. நிறம் இருந்த கல் ஒன்றே ஒன்று. துவரம் பருப்பு அளவு. தண்ணீர் தெளித்துச் சாய்த்தேன். ஒரு மூலையில் பச்சை எரிந்தது. இன்னும் கொஞ்சம் சாய்த்தேன், பச்சை அணைந்து ஆரஞ்சு வந்தது. 31 வருடமாகக் கல்லுக்கு ஒளியை நாங்கள்தான் பட்டை போட்டு வரவழைத்தோம். இந்தக் கல் அதைத் தனக்குள்ளேயே வைத்திருந்தது. மண்ணில் உட்கார்ந்தபடியே அழுதுவிட்டேன்.

அந்த நிறம் சாயம் அல்ல. ஓபல் என்பது மணலின் சத்தான சிலிக்காவும் தண்ணீரும் சேர்ந்தது. அதில் கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா உருண்டைகள், தட்டில் லட்டு அடுக்கியது போல ஒழுங்காக அடுக்கியிருப்பதால் ஒளி நிறம் நிறமாகப் பிரிகிறது. ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இதை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் கண்டு 1964-ல் வெளியிட்டார்கள். ஆகவே நல்ல ஓபலைச் சாய்த்தால் நிறங்கள் திட்டுத்திட்டாக இடம் மாற வேண்டும். நாத்தனாரின் கல் எப்படித் திருப்பினாலும் ஒரே பால் நீலம், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இளம் ஆரஞ்சு. கடைகளில் ஓபலைட் என்று விற்பது இதுதான், வெறும் கண்ணாடி.

நிறம் மாறினாலும் போதாது, பக்கவாட்டில் பாருங்கள். மெல்லிய ஓபல் சீவலைக் கறுப்புக் கல்லின் மேல் ஒட்டினால் அது டப்லெட், அதன் மேல் ஒரு கண்ணாடியோ படிகக் கல்லோ வைத்து மூடினால் டிரிப்லெட். ஒட்டிய இடம் நூல் பிடித்த மாதிரி நேர்கோடாகத் தெரியும். விளிம்பை உலோகத்தால் முழுக்க மூடிக் கட்டியிருந்தால் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஒட்டுக்கல் விற்பது குற்றமல்ல, அதை முழுக்கல் விலைக்கு விற்பதுதான் குற்றம். நம் ஊருக்கு இப்போது எத்தியோப்பியக் கல்லும் நிறைய வருகிறது. அது இயற்கை ஓபல்தான், ஆனால் தண்ணீரை உறிஞ்சும். நனைந்தால் நிறம் மறைந்து, காய்ந்தபின் திரும்பும். மஞ்சளும் எண்ணெயும் ஏறினால் கறை தங்கிவிடலாம். சமைக்கிற கையில் அதைப் போடாதீர்கள்.

பத்தர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஓபலைக் கழற்றாமல் நகையில் நெருப்பு வைக்காதீர்கள், அதிர்வுத் தொட்டியில் போட்டுக் கழுவாதீர்கள். அதற்குள் தண்ணீர் இருக்கிறது, சூட்டில் வெடித்துவிடும். எனக்கே அனுபவம். ஊர் திரும்பி என் துவரம் பருப்பைச் சக்கரத்தில் வைத்தபோது பழைய பழக்கத்தில் கை அழுத்திவிட்டது, கல் சூடேறி ஓரத்தில் மயிரிழை விரிசல் விழுந்தது. மீதியைத் தண்ணீர் விட்டு விட்டு, பட்டை இல்லாமல் மேடாக, நான்கு நாளில் வழித்தெடுத்தேன்.

நாத்தனார் மோதிரத்தோடு கடைக்குப் போனார். ரசீதில் 'வெள்ளைக் கல்' என்று மட்டும் எழுதியிருந்ததால் பணம் திரும்பவில்லை. அடுத்த ராசிக்கல் பகுதியில் இந்த ஒன்றையாவது கட்டம் கட்டிப் போடுங்கள்: ரசீதில் இயற்கை ஓபல், முழுக்கல் அல்லது ஒட்டுக்கல், காரட் எடை, இந்த மூன்றும் எழுதி வாங்க வேண்டும். படம் தேவைப்பட்டால் என் கல்லைத் தருகிறேன், விரிசலோடு.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி,
உறையூர், திருச்சி