புல்லு காஞ்சிருச்சுன்னு பேத்துடாதீங்க

சார், மேடம், வணக்கம்.

பத்து நாளா கடை போன் ஓயவே இல்ல. எல்லாரும் ஒரே மாதிரி போட்டோதான் அனுப்புறீங்க, வைக்கோல் கலர்ல லான், கீழ "புதுசா போட சதுரடி என்ன ரேட்?" புல்லு விக்கிறவனே சொல்றேன், இப்ப வாங்காதீங்க.

பெர்முடான்னு நாங்க குடுக்குறது பிள்ளையாருக்கு சாத்துற அருகம்புல் ஜாதிதான். கல்யாணத்துல "அருகுபோல் வேரோடி"ன்னு வாழ்த்துறது சும்மாவா, தண்ணி இல்லன்னா இலைய காயவிட்டுட்டு மண்ணுக்குள்ள ஓடுற தண்டுல உசிர வச்சுக்கிட்டு கெடக்கும், மழை பட்டா கணுவுக்கு கணு துளிர்க்கும். 2019-ல சென்னையே குடத்தோட லாரிக்கு நின்னப்ப எங்க நர்சரி பாத்தியும் அப்படியே விட்டாச்சு, செத்துப்போச்சுன்னு நெனச்சு பாதிய கொத்தி வெளிய கொட்டிட்டேன், மீதிய கொத்த ஆள் கெடைக்கல, மழை வந்து மூணு வாரத்துல அந்த மீதி பச்சப்பசேல்னு நிக்குது! கூலியும் போச்சு புல்லும் போச்சு.

அதனால முதல்ல ஓரமா ரெண்டு இஞ்ச் தோண்டி ஒரு தண்ட எடுத்து நகத்தால கீறிப் பாருங்க. உள்ள வெள்ளையா கெட்டியா இருந்தா உசிரு இருக்கு, பழுப்பாகி பொடிஞ்சா இல்ல.

கொரியன் புல்லும் தாங்கும், ஆனா சோம்பேறி, சொட்டை விழுந்த எடம் மூட மாசக்கணக்காகும், அதுவும் கட்டட இடிபாடு மேல ரெண்டு இஞ்ச் செம்மண் கொட்டி போட்டிருந்தா வேர் எங்க போகும் பாவம். அகல இலை பஃபலோவுக்கு தண்டு மேலாக்கதான் ஓடும், காஞ்சா அவ்வளவுதான், அத மட்டும் கொஞ்சம் கவனிங்க.

100 சதுரடிக்கு ஏழெட்டு குடம், அதாவது ஒரு 115 லிட்டர், ரெண்டு மூணு வாரத்துக்கு ஒரு தடவ விடியக்காலைல நிதானமா விட்டா பெர்முடாவுக்கு போதும். பச்சையாகாது, சாகாம இருக்கும். தெனமும் ஹோஸ்ல அஞ்சு நிமிஷம் தெளிக்கிறதுதான் தப்பு, ஈரம் மேலயே நின்னா வேரும் மேலயே நிக்கும், ஒரு வாரம் ஊருக்குப் போனீங்கன்னா முடிஞ்சுது கதை. யூரியா போடாதீங்க, வெட்டாதீங்க, காஞ்ச புல்லுதானேன்னு கார நிறுத்தாதீங்க.

நல்ல மழை பேஞ்சு மூணு வாரம் கழிச்சும் மண்ணு தெரியுற எடத்த மட்டும் அளந்து வாட்ஸப்ல அனுப்புங்க, அதுக்கு மட்டும் புல்லு தரேன்.