உன்னதப்பாட்டின் மரங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

விவிலியத்தின் காதல் பாடல் நூலான உன்னதப்பாட்டு குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரை, அதன் பூக்களை விரித்துப் பேசிய அளவுக்கு மரங்களைப் பேசவில்லை. முதல் அதிகாரத்தில், பசுமையே மஞ்சமெனக் கொண்ட காதலர், தங்கள் வீட்டுக்குக் கேதுருவே உத்திரம், தேவதாருவே மச்சு என்கின்றனர். எருசலேம் ஆலயம் கட்ட தீருவின் அரசன் ஈராம், இஸ்ரவேலின் அரசன் சாலொமோனுக்கு வெட்டி அனுப்பிய மரங்கள், இங்கே வெட்டுப்படாமல் நின்றபடியே கூரையாகின்றன என்றுதான் எனக்குப் படுகிறது. எட்டாம் அதிகாரத்திலோ, தங்கை கதவானால் கேதுருப் பலகைகளால் அடைப்போம் என்று (பேசுவோர் அவளுடைய சகோதரர் என்பதே பலர் கருத்து) சொல்லும்போது, நிழல் தந்த அதே மரம் காவலாக மாறிவிடுகிறது. காதலியைப் பேரீச்சைக்கு ஒப்பிட்டு, அதில் ஏறி மடல்களைப் பிடிப்பேன் என்று காதலன் துணிந்து சொல்லும் ஏழாம் அதிகாரத்தைக் கட்டுரையாளர் ஒரே வரியில் கடந்துவிட்டது வியப்பளிக்கிறது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்