உச்சந்தலையில் ஒரு வெள்ளைப் பொட்டு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. மாமாவுக்கு முட்டிவலி தேவலை என்று எழுதியிருந்தாய், நிம்மதி. குட்டிப்பயல் அடியில் கிறுக்கியிருந்த இரண்டு வரியை மூன்று தடவை படித்துவிட்டேன். கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாயே, "பொரிச்ச அன்னைக்கே எது சேவல், எது பெட்டைன்னு சொல்லிடுவேன்னு போன்ல சொன்னியே, எங்கிட்டேயே கதை விடுறியா?" என்று. அதற்குத்தான் இந்த நீளக் கடிதம். போனில் சொன்னால் பாதியிலேயே நீ வேறு பேச்சுக்குப் போய்விடுவாய்.

முதலில் என் நிலவரம். இந்தக் கோழிப்பண்ணையில் இப்போது நல்ல குளிர்காலம். காலையில் கொட்டகைக்குப் போகும்போதும் இருட்டு, அறைக்குத் திரும்பும்போதும் இருட்டு. தண்ணீர்த் தொட்டி மேலே கண்ணாடி மாதிரி உறைந்து கிடக்கும். சுத்தியலால் தட்டி உடைத்து வெந்நீர் ஊற்றினால்தான் கோழிகள் குடிக்கும். சேவல்களின் கொண்டை நுனி குளிரில் கறுத்துவிடும் என்பதால் தினமும் வாஸ்லின் தடவுகிறேன். என் உதட்டுக்கும் அதே டப்பாதான். பகல் குறுகினால் பெட்டைகள் முட்டையை நிறுத்திவிடும், அதனால் கொட்டகையில் பல்பு போட்டு வெளிச்சத்தை 14 மணி நேரத்துக்கு நீட்டி வைக்கிறோம். பண்ணையிலேயே வெதுவெதுப்பான இடம் இன்குபேட்டர் (முட்டை பொரிக்கும் பெட்டி) அறை மட்டும். உன் கடிதத்தையும் அங்கே நின்றுதான் படித்தேன்.

வந்த புதிதில் குஞ்சைக் கையில் பிடித்து, பின்பக்கத்தை லேசாகப் பிதுக்கிப் பார்த்துச் சேவல், பெட்டை பிரிக்கச் சொன்னார் பண்ணைக்காரப் பெரியவர். ஜப்பான்காரர்கள் 1920களில் கண்டுபிடித்த வித்தை அது. உள்ளே கடுகளவு ஒரு மேடு தெரிந்தால் சேவல். ஆனால் சில பெட்டைக்கும் அப்படி ஏதோ ஒன்று தெரியும். பழகினவர்கள் கண்மூடித் திறப்பதற்குள் சொல்லிவிடுகிறார்கள். நான் ஒரு மாதம் முயன்றேன். குஞ்சு என் விரலில் எச்சம் போட்டதுதான் மிச்சம். பெட்டை என்று நான் ஒதுக்கியதில் பாதி, ஆறு வாரம் கழித்துக் கூவப் பழகிக்கொண்டிருந்தது.

அப்புறம்தான் நிறத்தை வைத்துப் பிரிக்கிற வழியைக் காட்டினார். சிவப்புச் சேவல் ஒன்று (ரோட் ஐலண்ட் ரெட் என்ற இனம்), வரிவரியாக இறகுள்ள பெட்டைகள் பத்து (பார்டு பிளைமவுத் ராக்). இவற்றைச் சேர்த்துவிட்டால் பிறக்கும் குஞ்செல்லாம் கறுப்பு. ஆனால் உச்சந்தலையில் வெள்ளைப் பொட்டு இருந்தால் சேவல், பொட்டு இல்லாமல் வழவழவென்று கறுத்திருந்தால் பெட்டை. இறகு காய்ந்ததும் பார்த்தாலே போதும். ஒரு குழந்தை கூடப் பிரித்துவிடும்.

ஏன் இப்படி என்று கேட்பாய். கோழிகளில் சேவலுக்கு இசட் என்கிற குரோமோசோம் இரண்டு. பெட்டைக்கு இசட் ஒன்றும் டபிள்யூ ஒன்றும். தாய் தன் இசட்டைக் கொடுத்தால் குஞ்சு சேவல், டபிள்யூவைக் கொடுத்தால் பெட்டை. ஆக, ஆணா பெண்ணா என்று முடிவாவது தாயிடம். மனிதர்களில் இது அப்படியே தலைகீழ், தகப்பனிடமிருந்து வருவதுதான் முடிவு செய்யும். பெண் பிள்ளையாகப் பெற்றாள் என்று மருமகளைத் திட்டுகிற மாமியார்கள் கோழிக்கூண்டில் பிறந்திருந்தால் பேச்சில் கொஞ்சமாவது நியாயம் இருந்திருக்கும்.

வரி போடுகிற மரபணு அந்த இசட்டின் மேலேதான் உட்கார்ந்திருக்கிறது. டபிள்யூவில் அது கிடையாது. வரித்தாயின் இசட் மகனுக்கு மட்டும்தான் போகும், அதனால் மகனுக்கு வரி. குஞ்சாக இருக்கும்போது வரி தெரியாது, தலைப்பொட்டாகத் தெரியும். மகளுக்குத் தாயிடமிருந்து வருவது டபிள்யூ, அவளுடைய ஒரே இசட் அப்பா கொடுத்தது. அப்பாவோ வரியில்லாத சிவப்பு. மகளுக்கும் வரியில்லை. உடம்பின் கறுப்பு வேறு குரோமோசோமில் இருந்து வருகிறது, தாயிடமிருந்து இரண்டு பேருக்கும் கிடைத்துவிடும். வளர்ந்த பிறகு பெட்டைகளைப் பார்க்க வேண்டுமே, கறுப்பு உடம்பு, கழுத்தில் மட்டும் அப்பாவின் செம்பொன் நிறம் கசிந்திருக்கும்.

சரி, இப்போது என் கூத்தைச் சொல்கிறேன். யாரிடமும் சொல்லிவிடாதே, மாமாவிடம் வேண்டுமானால் சொல்.

பெரியவர் ஊருக்குப் போகும்போது ஒரு துண்டுச்சீட்டில் 'சிவப்பு × வரி' என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். நான் அங்கே விதைப்பண்ணையில் வேலை பார்த்தவன் இல்லையா? செடிகளில் இனக்கலப்பு செய்யும்போது தாயின் பெயரை முதலில் எழுதுவதுதான் எங்கள் பழக்கம். கோழி வளர்ப்பவர்கள் தகப்பனை முதலில் எழுதுவார்கள் என்று எனக்கு யார் சொன்னது? அதுவரை சேவலோடு சேராத சிவப்புப் பெட்டைகளைப் பிடித்து ஒரு கூண்டில் விட்டு, வரிச்சேவலை உள்ளே அனுப்பினேன். ஒரு வாரம் முட்டை சேர்த்தேன். 48 முட்டை. 37.5 டிகிரி, ஒரு நாளைக்கு மூன்று தடவை திருப்பல், 18ஆம் நாள் திருப்புவதை நிறுத்தி ஈரத்தைக் கூட்டியது எல்லாம் சரியாகச் செய்தேன். 21ஆம் நாள் 41 குஞ்சு பொரித்தது. மிச்சம் கூமுட்டை.

ஒவ்வொன்றாக விளக்குக்கு நேரே பிடித்துப் பார்க்கிறேன். முதல் குஞ்சுக்குப் பொட்டு. இரண்டாவதுக்கும் பொட்டு. பத்தாவதுக்கும் பொட்டு. 41ஐயும் பார்த்து முடித்துச் சிலேட்டில் 'சேவல் 41, பெட்டை 0' என்று எழுதிவைத்தேன். மனதில் ஒரே வருத்தம். வாங்க வருகிறவர்களுக்கு வேண்டியது வெடைக்குஞ்சு, இவ்வளவு சேவலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று.

பெரியவர் வந்து சிலேட்டைப் பார்த்தார். ஒரு நிமிடம் பேசவில்லை. அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். 41 தடவை காசைச் சுண்டி 41 தடவையும் பூ விழுந்ததா உனக்கு என்று கேட்டார். "அப்பன் யார்?" என்பதுதான் அடுத்த கேள்வி. வரிச்சேவலைக் காட்டினேன்.

விஷயம் இதுதான். வரிச்சேவலுக்கு இரண்டு இசட்டிலும் வரி. மகனானாலும் மகளானாலும் அப்பாவின் ஓர் இசட் கட்டாயம் வரும், அதனால் எல்லாத் தலையிலும் பொட்டு. மகனுக்கும் ஒரு பங்கு வரி, மகளுக்கும் ஒரு பங்கு. அதே இரண்டு இனம்தான், அப்பா அம்மாவை மாற்றிப் போட்டால் அடையாளம் அழிந்துபோகிறது. கடைசியில் கொண்டை சிவந்து பெரிதாகும் வரை அத்தனைக்கும் தீனி போட்டு வளர்த்தோம். 22 பெட்டை இருந்தது.

திருத்துவதற்கும் அவசரப்பட முடியவில்லை. சேவலை மாற்றிய மறுநாளே முட்டை எடுக்கப் போனேன், கையைப் பிடித்து நிறுத்தினார். பெட்டையின் உடம்புக்குள் பழைய சேவலின் விந்து இரண்டு வாரம், சில சமயம் அதற்கு மேலும் உயிரோடு இருக்குமாம். மூன்று வாரம் காத்திருந்து, ஒரு வாரம் முட்டை சேர்த்து, மறுபடி 21 நாள். ஒரு சீட்டைத் தலைகீழாகப் படித்ததற்கு ஏழு வாரம். இந்தத் தடவை 44 பொரித்தது, 23க்குப் பொட்டு, 21க்கு இல்லை. வளர்ந்த பிறகும் ஒன்றுகூட மாறவில்லை.

இதை முதன்முதலில் பெரிதாக யோசித்தவர்களில் பன்னெட் என்ற ஆங்கிலேயர் ஒருவர். பள்ளிக்கூடத்தில் மரபணுவுக்குக் கட்டம் போட்டோமே, அந்தக் கட்டம் இவர் பெயரில்தான் இருக்கிறது. முதல் உலகப் போரில் தீவனம் தட்டுப்பாடான போது, சேவல் குஞ்சுகளுக்குத் தீனி வீணாகாமல் நிறத்தை வைத்து முதல் நாளே பிரிக்கலாமே என்று யோசனை சொன்னார். பிரித்த பிறகு சேவலை என்ன செய்வது என்ற கேள்வி மட்டும் இன்றைக்கும் தீரவில்லை. முட்டைக்கோழிப் பொரிப்பகங்களில் அன்றே கொன்றுவிடுவார்கள். ஜெர்மனி 2022 முதல் அதைத் தடை செய்துவிட்டது. எங்கள் பெரியவர் பொட்டுக்காரர்களைத் தனிக் கொட்டகையில் கறிக்கு வளர்க்கிறார், கனத்த இனம் என்பதால் நஷ்டமில்லை. எனக்கு அந்தக் கொட்டகைப் பக்கம் போக இன்னும் அவ்வளவாக மனசு வராது.

பொன்னிறச் சேவலையும் வெள்ளி நிறப் பெட்டையையும் சேர்த்தாலும் இதே கணக்குத்தான். மகன்கள் வெளிறிய மஞ்சள், மகள்கள் செம்பழுப்பு. ஆனால் வெள்ளையாக இருக்கிறதே என்று எந்தக் கோழியையும் பிடித்துப் போட்டுவிடக் கூடாது. வெள்ளை லெகார்ன் இனத்தின் வெள்ளை மற்ற நிறத்தைப் பெரும்பாலும் மூடிவிடும் ஜாதி, குஞ்சில் ஒன்றும் தெரியாது.

நீ கேட்ட இன்னொன்று, அந்தக் கலப்புக் குஞ்சிலேயே ஒரு சேவலையும் பெட்டைகளையும் வைத்துப் பெருக்கலாமா என்று. முட்டைக்கு வளர்க்கலாம், அடையாளத்துக்கு உதவாது. அந்தச் சேவலிடம் ஓர் இசட்டில் வரி, மற்றதில் இல்லை. அடுத்த தலைமுறையில் மகன்களில் பாதிக்கு வரி, மகள்களிலும் பாதிக்கு வரி. ஒவ்வொரு தடவையும் சுத்தமான சிவப்புச் சேவலிலிருந்தும் வரிப்பெட்டையிலிருந்தும்தான் தொடங்க வேண்டும். பெரியவர் இரண்டு இனத்தையும் தனித்தனியாக வைத்துப் பேணுவது அதற்குத்தான்.

உன்னிடம் ஒரு வரிக்கோழி இருக்கிறதே, அது பெட்டைதானே? வரியே இல்லாத சிவப்புச் சேவலோடு அதை மட்டும் தனியாக அடைத்து வை. மற்ற சேவல்களை விட்டுப் பிரித்த தேதியைச் சுவரில் கரியால் எழுதிவிடு, மூன்று வாரம் கழித்து வரும் முட்டையைத்தான் அடைக்கு வைக்க வேண்டும். உன் கோழி கலப்பு என்பதால் கறுப்பாகப் பொரிக்கிற குஞ்சுகளில் மட்டும் பொட்டைப் பார். குட்டிப்பயலையே எண்ணச் சொல். எத்தனைக்குப் பொட்டு, எத்தனைக்கு இல்லை என்று அவன் கையாலேயே எழுதி அனுப்பட்டும்.

இன்குபேட்டரில் தட்டு திருப்பும் நேரம் ஆகிவிட்டது. மீதி அடுத்ததில்.

உன் தம்பி