கம்பி இழுக்கும் செலவை முதலிலேயே சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சூரிய மின்சாரம் என்றாலே தகடு விலை, மானியம், யூனிட்டுக்கு எவ்வளவு கிடைக்கும் என்றுதான் பேச்சு. தோட்டத்திலிருந்து துணை மின்நிலையம் வரை கம்பி இழுக்க என்ன ஆகும் என்று கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை.

விளாத்திகுளம் பக்கம் என் மச்சான் 1 மெகாவாட் நிலையம் போட நினைத்து, மூன்று கிலோமீட்டருக்குக் கம்பம், கம்பி, இன்சுலேட்டர் என்று நோட்டில் கணக்குப் போட்டு வைத்திருந்தார். வங்கியில் எழுதிக் கொடுத்து, நிலத்தையும் சமப்படுத்திய பிறகு மின்வாரியத்திலிருந்து வந்த மதிப்பீட்டில் பிரேக்கர், மீட்டர் பெட்டி, மின்நிலையத்துக்குள் செய்யும் வேலை, மேற்பார்வைக் கட்டணம் எல்லாம் சேர்ந்து அவர் கணக்கைப் போல இரண்டு மடங்கு! அப்புறம் என்ன, அந்த நிலத்தில் இப்போது கருவேலம் முளைத்துக் கிடக்கிறது.

விவசாயிகள் தங்கள் நிலத்தில் சூரிய மின் நிலையம் போட மத்திய அரசு கொண்டுவந்த பி.எம். குசும் திட்டத்தில் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரை போடலாம், 11 கேவி (11,000 வோல்ட்) லைனும், துணை மின்நிலையத்துக்குள் அந்த லைனை இணைக்கும் 'பே' (bay) என்ற பகுதியும் போடுவது நம் பொறுப்பு. எந்தத் துணை மின்நிலையத்தில் எவ்வளவு இணைக்கலாம் என்று அறிவிக்கவும் அதில் விதி உண்டு. சரி, கூடவே உத்தேசச் செலவையும் போட்டால் என்ன? ஒரு கிலோமீட்டர் லைனுக்கு இவ்வளவு, அந்த இணைப்புப் பகுதிக்கு இவ்வளவு என்று போட்டால் போதும், பத்து சதவீதம் முன்பின் இருந்தாலும் பரவாயில்லை.

அமெரிக்காவில் 2023-இல் மின் ஒழுங்குமுறை ஆணையம், மின்கட்டமைப்பில் புதிதாக இணைக்க எங்கே இடம் இருக்கிறது என்று வரைபடமாகவே வெளியிடச் சொல்லிவிட்டது. இங்கேயும் விண்ணப்பக் கட்டணம் வாங்குவதற்கு முன்பே அந்த உத்தேசச் செலவைக் கணக்குப் போட்டுக் கையில் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோவில்பட்டி