எதிர்க்காற்றைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த கடலோர சைக்கிள் பயணக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை, பார்த்ததும் எனக்கே பையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடத் தோன்றியது. ஆனால் காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினால் மாலைக்குள் 100 கிலோமீட்டர் போய்விடலாம், கடற்கரைச் சாலையில் மேடே இருக்காது, ராத்திரி அலையோரத்திலேயே கூடாரம் போட்டுக்கொள்ளலாம் என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்களே, அதை நம்பி முதல்முறை கிளம்புகிறவர் பாடு என்ன ஆகும் என்பதுதான் என் கவலை. இந்த மூன்றையும் நம்பிப் போய் ஒரே நாளில் அவதிப்பட்டவன் நான்.

முதலில் காற்று. வெயில் ஏற ஏற நிலம் சீக்கிரம் சூடாகிவிடும், கடல் அவ்வளவு சீக்கிரம் சூடாகாது. நிலத்தின் மேலுள்ள சூடான காற்று மேலெழும்ப, அந்த இடத்துக்குக் கடல்காற்று உள்ளே வரும். முற்பகலில் மெல்லத் தொடங்கி பிற்பகலில்தான் முழு வேகம் பிடிக்கும். ஒன்பது மணிக்குக் கிளம்பினால் நம் கால் ஓயும் நேரமும் காற்று வலுக்கும் நேரமும் சரியாக ஒன்றாக வந்து சேரும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் மிதிக்கிறோம், எதிரே 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வருகிறது என்று வையுங்கள். முகத்தில் அடிப்பது 35 கிலோமீட்டர் காற்று. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு (வேகத்தை வேகத்தாலேயே பெருக்கி வருவதற்கு) ஏற்பக் கூடுவதால் அது காற்றில்லாத நேரத்தைவிட மூன்று மடங்காகிவிடும், கேரியரின் இரு பக்கமும் பை தொங்கினால் இன்னும் மோசம். அன்று கடைசி 12 கிலோமீட்டருக்கு எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது. இறக்கத்தில்கூட மிதித்தால்தான் வண்டி நகர்ந்தது, ஒரு கட்டத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டே போனேன், வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை!

விடியும்போதே கிளம்பி மதியத்துக்குள் பெரும்பகுதியை முடித்துவிடுங்கள் என்று ஒரு வரி போட்டிருக்கலாம். பல நாள் பயணம் என்றால் எந்தத் திசையில் போவது என்பதும் முக்கியம். அமெரிக்காவின் ஓரிகன் கடற்கரையில் கோடைக் காற்று பெரும்பாலும் வடக்கு, வடமேற்கிலிருந்து வீசும், அதனால் சைக்கிள்காரர்கள் வடக்கிலிருந்து தெற்கே போவதுதான் வழக்கம். அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுவதால் கடலும் அவர்கள் பக்கமே வரும், நின்று பார்க்க நினைத்தால் சாலையைக் குறுக்கே கடக்க வேண்டியதில்லை. மேடே இருக்காது என்கிற கதையும் அங்கே எடுபடாது, சாலை பாறை முனைகளின் மேல் ஏறி ஆற்று முகத்துவாரத்துக்கு இறங்கி மறுபடி ஏறிக்கொண்டே இருக்கும்.

அப்புறம் கூடாரம். பெரும்பாலான கரைகளில் கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் சுமார் 12 மணி 25 நிமிட இடைவெளி, அதாவது மாலையில் அலை தள்ளி இருக்கிறதே என்று படுத்தால் நள்ளிரவில் அது பக்கத்தில் வந்து நிற்கலாம். மணலில் பாசி, சிப்பி, குச்சி எல்லாம் ஒரு கோடாக ஒதுங்கிக் கிடக்குமே, கடல் கடைசியாக ஏறிய இடம் அது. அந்தக் கோட்டுக்கு நாலடி மேலே கூடாரம் போட்டுவிட்டு நான் பெருமையாகத் தூங்கினேன். பௌர்ணமிக்கு இரண்டு நாள் இருந்தது, அமாவாசை, பௌர்ணமியை நெருங்க நெருங்க ஏற்றம் நாளுக்கு நாள் கூடும் என்பதை யோசிக்கவில்லை. நடு ராத்திரியில் கால்மாட்டில் குளிர்ந்தது. விளக்கைப் போட்டுப் பார்த்தால் செருப்பு ஒன்று மிதக்கிறது, மற்றதைக் காணவே காணோம். கோட்டுக்கு மேலே பழைய, காய்ந்துபோன இன்னொரு கோடு இருந்ததை விடிந்த பிறகுதான் கவனித்தேன். அதற்கும் மேலே போட்டிருக்க வேண்டும்.

மணலில் கூடார ஆணி நிற்காது என்பதும் சொல்ல வேண்டிய விஷயம். பையில் மணலை நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, முழங்கை ஆழத்துக்குப் புதைத்தால் நிற்கும். காலையில் செயினை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் விடாவிட்டால் உப்பு அதைச் சும்மா விடாது, எனக்கு இரண்டே நாளில் துரு ஏறிவிட்டது.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் வாரம் வரும் என்று போட்டிருக்கிறீர்கள். கடல் ஏறும் நேரத்தை அட்டவணையில் எப்படிப் பார்ப்பது என்று அதில் நாலு வரி சேருங்கள், இடம் போதாவிட்டால் சூரிய அஸ்தமனப் படம் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம், சென்ற வாரமே மூன்று வந்துவிட்டது.

இப்படிக்கு,
ஒற்றைச் செருப்போடு திரும்பிய வாசகன்