அண்ணா, அந்த ரோசன்பெர்க் மட்டும் ஏலத்துக்கு வராது

அண்ணா,

நாம சேர்த்து வச்ச பழைய இங்கிலீஷ் கவிதைப் புத்தகங்களை ஏலத்துல வித்துடு. சம்மதம். போன தீபாவளில இருந்து இதைத்தானே கேட்டுட்டு இருக்க, இப்ப எழுதியே குடுத்துட்டேன், இனிமே சொந்தக்காரங்க குரூப்ல "அவ பிடி குடுக்கமாட்டேங்கிறா"ன்னு போட வேண்டாம். வாட்ஸ்அப்ல சொன்னா கட்டைவிரலைக் காட்டிட்டுப் போயிடுவ, போன்ல பேசினா நான் அழுது தொலைப்பேன், அதான் இங்க எழுதுறேன். நாலு பேர் படிப்பாங்கன்னு தெரியும், அண்ணியும் படிப்பாங்க, அதனால எதை என்ன விலைக்கு வாங்கினோம்ங்கிற பேச்சே வராது, பயப்படாத.

கவிஞன் ரூபர்ட் ப்ரூக் மொத்தத்தையும் எடுத்துக்கோ. '1914 அண்ட் அதர் பொயம்ஸ்' 1915 மே மாசம் வந்துது, ஆள் ஏப்ரல்லயே போயாச்சு, அந்த ஒரு வருஷத்துலயே இன்னும் பதினோரு தடவை அடிச்சாங்க, 1918 ஜூன்ல 24வது இம்ப்ரெஷன். இங்கிலாந்துல பாதி வீட்டுப் பரண்ல அது கிடக்கும்னு நான் சொல்லச் சொல்ல நீ ஒவ்வொண்ணா தூக்கிட்டு வந்த, இந்தத் தடவை முதல் இம்ப்ரெஷன்தான்னு சத்தியம் பண்ணுவ, பஸ்ல ஏறினப்புறம்தான் டைட்டில் பக்கத்தைத் திருப்பிப் பாப்ப. 'ஜார்ஜியன் பொயட்ரி' தொகுப்பு அஞ்சு வால்யூமும் உனக்கே. போர்க்கவிஞன் வில்ஃப்ரட் ஓவனோட 1920 புத்தகம், அந்த சிவப்பு அட்டை, சசூன் முன்னுரையோட, 23 கவிதைதான் இருக்கும், அதுக்கு நல்ல விலை வரும், அதையும் போடு. எலியட் பக்கம் நாம போகவே முடியல, 'ப்ரூஃப்ராக்' 1917ல அடிச்சதே 500 காப்பி, கண்ணாடிப் பெட்டிக்கு வெளில நின்னு பாத்ததோட சரி.

கவிஞர் ஷார்லட் மியூவைக் குடுக்கத்தான் கஷ்டமா இருக்கு. 'தி ஃபார்மர்ஸ் ப்ரைட்' நம்மகிட்ட இருக்கிறது 1921ல கவிதைகள் சேர்த்துப் போட்ட பதிப்புதான், 1916 இல்ல, இருந்தாலும் அதே பொயட்ரி புக்‌ஷாப் போட்டது. அந்தக் கடை இருந்த லண்டன் டெவன்ஷைர் ஸ்ட்ரீட்டுக்கு இப்ப பாஸ்வெல் ஸ்ட்ரீட்னு பேரு, அங்க என்னை நிக்க வச்சு, ஹெரால்ட் மன்ரோ 1913 ஜனவரில கடை திறந்ததையும், ஓவன் அங்க மேல ரூம்ல தங்கினதையும், தாமஸ் ஹார்டி செத்தப்புறம் அவர் பேப்பருக்கு நடுவுல பிரிட்டிஷ் மியூசியம் ரீடிங் ரூம் சீட்டு ஒண்ணு கிடைச்சு அதுக்குப் பின்பக்கம் மியூ கவிதையை ஹார்டி தன் கைப்பட எழுதி வச்சிருந்ததையும் நீ சொன்ன. கதை சொல்றப்ப உன்னை மாதிரி ஆள் கிடையாதுண்ணா. காலேஜ்ல எனக்குப் பாடம் எடுத்த ஒருத்தரும் அப்படிச் சொன்னதில்ல.

அப்படி ஊருக்கெல்லாம் கதை சொல்ற நீ, அன்னைக்கு ராத்திரி ரப்பரைத் தூக்கினியே.

மேனர் பார்க் வீட்டுக் கிச்சன். பழைய புத்தகக் கடைங்க இருக்கிற செசில் கோர்ட்ல வாங்கிட்டு வந்த ஐசக் ரோசன்பெர்க் கவிதைகள், 1922ல ஹைன்மன் போட்டது, கார்டன் பாட்டம்லி தொகுத்தது. டீலருங்க ஃப்ளைலீஃப்ல, அதான் அட்டைக்கு அடுத்த வெத்துப் பக்கம், அது மூலைல பென்சில்ல விலை எழுதுவாங்கல்ல, வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையா அதை அழிக்கிறது உன் வழக்கம், ஏன்னு இங்க எழுதமாட்டேன். விலைக்குக் கீழ ஒரு வரி இருந்துது. வலப்பக்கத்துல இருந்து எழுதுற எழுத்து, ஹீப்ரு எழுத்து, கிழக்கு ஐரோப்பா யூதங்க பேசுற யிட்டிஷா இருக்கும்னு நீயே சொன்ன, சொல்லிட்டே கையை நிறுத்தாம அதையும் தேய்க்க ஆரம்பிச்ச. "பேர் தெரியாதவன் கிறுக்கினது, சுத்தமா இருந்தா கேட்டலாக்ல ஒரு படி மேல போடுவான்." எனக்கு இன்னும் அந்த ரப்பர் தூள் ஞாபகம் இருக்கு, தோசைமாவுக் கிண்ணத்துக்குப் பக்கத்துல. நான் பிடுங்கினேன். ஃப்ளைலீஃப் ஓரம் கிழிஞ்சுது. நீ என்னை அடிக்கக் கையை ஓங்கல, ஆனா பாத்த பார்வைக்கு அதுவே தேவலை.

கிழிச்சதுக்கு ஸாரி. இத்தனை நாள் சொல்லல, இப்ப சொல்றேன். ஆனா நீ அழிக்காம இருந்தா நான் எதுக்குப் பிடுங்கப் போறேன், அப்ப அந்த ஸாரில பாதி உன்னோடதுதானே?

உனக்குத் தெரியாததா எதையும் சொல்லப் போறதில்ல. அந்த ரோசன்பெர்க் பையன் வளந்தது கிழக்கு லண்டன் ஸ்டெப்னில, அப்பா அம்மா லித்துவேனியால இருந்து வந்த யூதங்க, முதல் புத்தகம் 'நைட் அண்ட் டே' 1912ல மைல் எண்ட் ரோட்ல இருந்த யிட்டிஷ் அச்சுக்காரர் நரோடிஸ்கி அடிச்சுக் குடுத்தது, அம்பதே காப்பி. பட்டாளத்துக்குப் போனதுக்கு ஒரு காரணம் அம்மாவுக்கு அலவன்ஸ் போகும்ங்கிறது. 1918 ஏப்ரல் 1 சண்டைல செத்தான், கல்லறைல "இந்த இடத்துக்குப் பக்கத்துல"ன்னுதான் போட்டிருக்கு, உடம்பு எதுன்னு தெரியாது. இன்னைக்கு அதே தேதி, ஏப்ரல் ஃபூல்னு நினைச்சுடாத. அவன் செத்து நாலு வருஷத்துல வந்த புத்தகத்தை வாங்கி, அவன் வீட்டுல பேசின பாஷைல யாரோ ஒருத்தர் ஒரு வரி எழுதியிருக்காங்க. ஒயிட்சாப்பல் ஆளா, சொந்தமா, கூடப் படிச்சவங்களா, யாரா வேணா இருக்கட்டும். 25ஆம் நம்பர் பஸ்ல அந்த மைல் எண்ட் ரோடு வழியாத்தான் நீயும் நானும் வருஷக்கணக்கா வேலைக்குப் போனோம், நமக்கும் அச்சடிக்க நம்மூர்க்காரர் கடைதான், கல்யாணப் பத்திரிகைல இருந்து கண்ணீர் அஞ்சலி வரைக்கும்.

உனக்கு எதுவா இருந்தாலும் சுத்தமா இருக்கணும். அம்மா பீரோவையும் நான் ஊர் வந்து சேர்றதுக்குள்ள அப்படித்தான் சுத்தம் பண்ணி... வேண்டாம், அது இங்க வேண்டாம். அண்ணி, நீங்க இதைக் கண்டுக்காதீங்க.

எனக்கு இங்கிலீஷ் கவிதை தெரிஞ்சதே உன்னாலதான், அதை மறுக்கல. மழைல டஸ்ட் ஜாக்கெட் நனையக்கூடாதுன்னு கோட்டைக் கழட்டிப் புத்தகத்துக்குச் சுத்திட்டு நீ நனைஞ்சுட்டே வருவ, தங்கச்சியும் நனையிறான்னு ஒரு தடவைகூடத் தோணினதில்ல. இலங்கைத் தமிழர் தம்பிமுத்து 1939ல 'பொயட்ரி லண்டன்' பத்திரிகை ஆரம்பிச்ச கதையை டீலர்கிட்ட அவுத்துவிட்டு, "எங்க ஆளு"ன்னு சொல்லி விலை குறைக்கப் பாப்ப. ஒருத்தனும் குறைச்சதில்ல.

சனிக்கிழமை மதியம் வந்து கையெழுத்துப் போடுறேன். பபிள் ராப்பை நேரா அட்டை மேல சுத்தாத, முதல்ல ஆசிட் இல்லாத பேப்பர், அப்புறம்தான் அது. ஓவனை அடில வைக்காத. ஏலக்காரங்களுக்குக் குடுத்த லிஸ்ட்ல ரோசன்பெர்க்கை ஏற்கனவே சேத்திருந்தா இன்னைக்கே மெயில் போட்டு எடுத்துடு, இல்லன்னா கையெழுத்து கிடையாது. சாப்பாடெல்லாம் வேண்டாம்னு அண்ணிகிட்ட சொல்லிடு, வத்தக்குழம்பு இருந்தா மட்டும் பாக்கலாம்.

புத்தகத்தை ஓசில கேக்கல. என் பங்குல கழிச்சுக்கோ. வீட்டுல என்ன விலைன்னு சொல்லி வச்சிருக்கியோ, அதே விலைக்கு.